தங்கச்சிமடத்துக்கு எந்தத் தியரி?

ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண். இருபத்திமூன்று வயது இருக்கும். கையில் தடித்த நோட்டு. பாம்பன் பாலம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் தலையைத் தூக்கவில்லை. தினமும் பார்க்கிற கடல்தானே.

பேச்சுக் கொடுத்தேன். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறாராம். விருப்பப் பாடம் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும். சொந்த ஊர் தங்கச்சிமடம். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ரியலிசம், லிபரலிசம், மார்க்சியம், கன்ஸ்ட்ரக்டிவிசம், பெண்ணியம் என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு இட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எங்கப்பா போட்டு ஓட்டுறவரு. ரெண்டு தடவை யாழ்ப்பாணம் ஜெயில்ல இருந்துட்டு வந்துட்டாரு. ரெண்டாவது தடவை ஆறு மாசம். இந்த நோட்டுல அவரு எந்தத் தியரியில வர்றாரு?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தங்கச்சிமடம் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். அவருக்காகவும், நமக்காகவும்.

முதலில் ரியலிசம். டி.வி. விவாதத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிற வெளியுறவு நிபுணர்களில் பத்தில் எட்டுப் பேர் இந்தக் கட்சி. இதன்படி உலகத்துக்கு போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் பலத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும். நட்பு, தர்மம் எல்லாம் மேடைப் பேச்சுக்கு. ஹான்ஸ் மார்கெந்தோ 1948-ல் இதைப் புத்தகமாக எழுதினார். கென்னத் வால்ட்ஸ் 1979-ல் இன்னும் இறுக்கிக் கட்டினார். நம் ஊர் சரக்கும் உண்டு. பக்கத்து நாட்டு ராஜா பகைவன், அவனுக்கு அடுத்த நாட்டு ராஜா நண்பன் என்று கௌடில்யர் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இந்தக் கட்சியின் ஆதிக் கதை கி.மு. 416-ல் நடந்தது. ஏதென்ஸ் என்ற பெரிய வல்லரசு மீலோஸ் என்ற சின்னத் தீவின் முன்னால் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. தீவுக்காரர்கள் நியாயம் பேசினார்கள். நியாயமெல்லாம் சம பலம் உள்ளவர்களுக்குள் பேசுகிற சமாசாரம் என்பதுதான் ஏதென்ஸ்காரர்கள் சொன்ன பதிலின் சாரம். கடைசியில் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள்.

சரி, பாக் விரிகுடாவில் யார் ஏதென்ஸ், யார் மீலோஸ்? வரைபடத்தைப் பார்த்தால் இந்தியா பெரிது, இலங்கை சிறிது. அப்புறம் எப்படிச் சின்ன நாடு சுடுகிறது, பெரிய நாடு கடிதம் எழுதுகிறது?

ரியலிஸ்டுகளிடம் இதற்கும் பதில் தயார். "தேசிய நலன்." அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 வருடக் குத்தகைக்கு சீனக் கம்பெனியின் கைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வந்து நின்றது. அதே வருடம் இலங்கை திவாலானபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி செய்தது. கொழும்பு பீஜிங் பக்கம் சாயாமல் இருக்க வேண்டும். இந்தப் பெரிய கணக்கில் தங்கச்சிமடம் சில்லறை.

நான் கேட்கிறேன், எந்த தேசத்தின் நலன்? 2017 மார்ச் 6-ம் தேதி இரவு கச்சத்தீவுக்குப் பக்கத்தில் குண்டு பாய்ந்து செத்த தங்கச்சிமடத்து இளைஞனுக்கு வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டுதான். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. ஊரே திரண்டு, உடலை வாங்க மறுத்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது. அவன் இந்தியன் இல்லையா? தேசம் என்பது எல்லைக்கோட்டுக்குள் இருக்கிற மண் மட்டும்தானா, அதில் வசிக்கிற ஆட்கள் கணக்கில் வர மாட்டார்களா?

ரியலிசத்தின் பெரிய ஓட்டை இதுதான். அது நாட்டை ஒரே ஆளாகப் பார்க்கிறது. "இந்தியா நினைக்கிறது", "இலங்கை விரும்புகிறது" என்று பேசுகிறது. இந்தியா என்ன கடலுக்குப் போய் வலை போடுகிறதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழும், பரவாயில்லை. கடற்படைக் கப்பலுக்கு முன்னால் தங்கச்சிமடத்துப் படகு மீலோஸ்தான். ஆனால் அதே விசைப்படகு இரட்டைமடியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது, நெடுந்தீவுக்காரரின் சின்ன ஃபைபர் படகுக்கு முன்னால் அதுதான் ஏதென்ஸ்.

அடுத்தது லிபரலிசம். இமானுவேல் கான்ட் 1795-ல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குகிற கட்சி. நாடுகள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்தால், ஒப்பந்தம் போட்டால், பொதுவான அமைப்புகளை உண்டாக்கினால் சண்டை குறையும் என்கிறது. ராபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் 1977-ல் இதற்குப் புது மெருகு கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் கடலில் என்ன ஆயிற்று?

1974 ஜூனில் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி ஓடுகிறது. நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று ஐந்தாவது பிரிவு சொன்னது. இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் காலங்காலமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்று ஆறாவது பிரிவு சொன்னது. இந்த உரிமையில் மீன்பிடிப்பும் அடக்கம் என்று இங்கே சொன்னார்கள், இல்லை என்று அங்கே சொன்னார்கள்.

1976 மார்ச் 23-ம் தேதி இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இனி அனுமதி இல்லாமல் ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றது கடிதம். அப்போது நெருக்கடிநிலை. தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பல தலைமுறைப் பிழைப்பு இரண்டு அதிகாரிகளின் கடிதத்தில் முடிந்துபோனது. தங்கச்சிமடத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டு, "என்னய்யா, உங்களுக்குச் சம்மதமா?" என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் லிபரல்கள் சும்மா இல்லை. 2008-ல் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 2016-ல் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் 2024 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்ன கணக்கைப் பாருங்கள். இருபது வருடத்தில் இலங்கை சிறைப்பிடித்த இந்திய மீனவர்கள் 6,184 பேர். பறிமுதல் செய்த படகுகள் 1,175. இத்தனை குழுக்களும் இத்தனை டீ பிஸ்கட்டும் செலவான பிறகு இதுதான் நிலவரம்.

ஒரே ஒரு தடவை டெல்லி வேகமாக வேலை செய்தது. 2011-ல் பிடிபட்ட தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேருக்குப் போதைப்பொருள் வழக்கில் கொழும்பு உயர்நீதிமன்றம் 2014 அக்டோபர் 30-ம் தேதி தூக்குத் தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் தீவு கொதித்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பிரதமர் மோடி ராஜபக்ஷேவிடம் போனில் பேசினார். மூன்று வாரத்துக்குள் ஐந்து பேரும் விடுதலை. நல்லது. ஆனால் அதே வழக்கில் அதே தண்டனை பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் பெயரை இங்கே எத்தனை மேடையில் கேட்டீர்கள்? ரயில் மறித்தவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று பேருக்காகவும் மறித்தார்கள்?

இது நேராக மூன்றாவது கட்சிக்குக் கொண்டுபோகிறது. கன்ஸ்ட்ரக்டிவிசம். அலெக்சாண்டர் வென்ட் 1992-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. நாடுகள் எதிரியா, நண்பனா என்பது இயற்கையில் எழுதிவைத்த விஷயம் இல்லை. தங்களை யார் என்று நினைக்கிறார்கள், அடுத்தவரை யார் என்று நினைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனால் போதும். கோயிலைக் கட்டியவரே இந்தக் கரையிலிருந்து போன ஒரு மீனவர் என்கிறார்கள். இரண்டு கரை ஜனமும் ஒரே மொழியில் ஜெபம் சொல்கிறது. ஒரே அந்தோணியாரிடம், இந்த வருஷம் வலை நிறையட்டும் என்று வேண்டிக்கொள்கிறது. திருவிழா முடிந்ததும் கோடு திரும்ப வந்துவிடுகிறது.

நம் தமிழ் உணர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த வார்த்தை "தொப்புள்கொடி உறவு". அந்த உறவு கடலுக்கு மேலே மட்டும்தான் போலிருக்கிறது. கீழே, இரண்டு படகுக்கு நடுவே வலையைக் கட்டி, தரையோடு சுரண்டிக்கொண்டு போகிறோமே, அங்கே உறவு இல்லை. அந்த வலைக்குப் பெரிய மீன், குஞ்சு மீன், முட்டை, பாசி என்ற பேதம் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர் கடன் வாங்கிப் போட்டு வைத்த வலையும் அதோடு போகிறது.

போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களுக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. அகதியாக மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் அவர்களும் உண்டு. 2009-ல் போர் முடிந்து, வீடு போய், உறவு போய், மிச்சமிருந்த கடலுக்குத் திரும்பி வந்தால் அங்கே எங்கள் விசைப்படகுகள். இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்கான மசோதாவை முதலில் கொண்டுவந்தவர் சிங்களப் பேரினவாதி இல்லை. சுமந்திரன் என்ற தமிழ் எம்.பி. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் போய்ப் போராட்டம் நடத்தினார்களே, அதுவும் தமிழ் மீனவர்கள். 2022-ல் வடமராட்சியில் சாலையை மறித்தவர்களும் தமிழ் மீனவர்கள்.

இதையெல்லாம் தமிழ்நாட்டு மேடையில் சொல்லிப் பாருங்கள். மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே எல்லாருக்கும் வசதியான ஒரே சொல் கச்சத்தீவு. 1974-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 1991 சுதந்திர தினத்தன்று ஜெயலலிதா மீட்பேன் என்று சபதம் போட்டார். 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மீட்க வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற அர்த்தத்தில் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் 2014-ல் அதே நீதிமன்றத்தில் சொன்னார். அதே மத்திய அரசை நடத்துகிற கட்சிக்கு 2024 மார்ச் 31-ம் தேதி, தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாக இருந்தபோது, கச்சத்தீவு திடீரென்று ஞாபகம் வந்தது. 2025 ஏப்ரல் 2-ம் தேதி சட்டமன்றத்தில் மறுபடி தீர்மானம். அந்த செப்டம்பரில் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக தானே தீவில் போய் இறங்கிக் காட்டினார். அங்கேயும் ஓட்டு இருக்கிறதல்லவா!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளைக் காலை கச்சத்தீவு நமக்கு வந்துவிட்டது. கோடு சில மைல் கிழக்கே நகரும். அவ்வளவுதான். நம் படகுகள் பிடிபடுவது நெடுந்தீவுப் பக்கம், மன்னார் பக்கம், யாழ்ப்பாணத்துக் கரையோரம். இறால் அங்கே இருக்கிறது. தீவு கிடைத்த மறுநாளும் அந்தப் பெண்ணின் அப்பா ஜெயிலுக்குத்தான் போவார்.

ஏன் போகிறார்? இங்கேதான் மார்க்சியக் கட்சி வருகிறது. யாருடைய லாபத்துக்கு என்று கேட்கச் சொல்கிறது. ஒவ்வொரு தியரிக்குப் பின்னாலும் அதனால் பலன் அடைகிற யாரோ இருக்கிறார்கள் என்று 1981-ல் எழுதினார் ராபர்ட் காக்ஸ். ரொம்பச் சரி. அறுபதுகள், எழுபதுகளில் இழுவைமடியைக் கொண்டுவந்தது மீனவன் இல்லை. அரசாங்கம். இறாலை ஏற்றுமதி செய்தால் டாலர் வரும் என்று கடனும் மானியமும் கொடுத்துப் பழக்கிவிட்டது. நம் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. படகுகள் பெருகப் பெருகச் சுரண்டித் தீர்ந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு போகக்கூடாது, அது நாட்டுப்படகுக்காரர்களின் இடம் என்று 1983-ன் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எல்லைக்கோடு. நடுவில் இருக்கிற கடலில் மீன் இல்லை. டீசல் காசு வந்தாக வேண்டும்.

கோட்டைத் தாண்டச் சொல்கிறவர் ஒருவர், தாண்டுகிறவர் இன்னொருவர். முதலாளிக்கு இரண்டு மூன்று படகு இருக்கலாம், ஒன்று போனால் இன்னொன்று. கூலிக்குப் போகிறவருக்கு ஒரே உயிர்தான். 2021 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கம் கடற்படைக் கப்பல் மோதி நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி. இலங்கைக்குப் பயந்து இங்கே வந்து, கூலிக்குப் படகு ஏறி, இலங்கைக் கடலிலேயே செத்தார். அவர் எந்த நாட்டின் தேசிய நலன், யாராவது சொல்லுங்கள். 2024 ஜூனில் நம் படகைப் பிடிக்க வந்த இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் செத்தார். அதே வருடம் ஆகஸ்ட் முதல் தேதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் செத்தார். அந்தச் சிப்பாயும் யாரோ ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான்.

கடைசியாகப் பெண்ணியம். இதில் என்ன பெண்ணியம் என்று சிரிக்காதீர்கள். சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே என்று கேட்டுப் புத்தகம் எழுதினார் சிந்தியா என்லோ. தங்கச்சிமடத்தில் கேட்டுப் பாருங்கள். புருஷன் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருக்கும்போது குழுவில் கடன் வாங்கிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது யார்? ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் எடுத்துக்கொண்டு மீன்துறை ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைவது யார்? கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கிப் பாசி எடுப்பது யார்? பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னார்: "அப்பா உள்ள இருந்தப்ப அம்மாதான் சார் வெளியுறவுத் துறை." இரண்டு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவில் இந்த வெளியுறவுத் துறைக்கு நாற்காலி போட்டதுண்டா?

ஆக, தியரி எல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் யானையின் ஒரு காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. என் சண்டை தியரியோடு இல்லை. டெல்லிக்காரர் ரியலிசத்தைப் பிடித்துக்கொண்டு மீனவனை மறக்கிறார். அதிகாரி லிபரலிசத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறார். சென்னைக்காரர் இன உணர்வைப் பிடித்துக்கொண்டு கச்சத்தீவு என்று கத்துகிறார். மூன்று பேருக்குமே இழுவைமடியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. இந்தத் தப்பித்தலோடுதான் என் சண்டை.

வழி இல்லாமல் இல்லை. பொதுச் சொத்தை அரசாங்கம் மிரட்டியோ தனியாருக்கு விற்றோதான் காப்பாற்ற முடியும் என்று பொருளாதார நிபுணர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எலினோர் ஆஸ்ட்ரம் துருக்கியில் அலன்யா மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து மீன் பிடிப்பதை எடுத்துக்காட்டினார். பயன்படுத்துகிறவர்களே உட்கார்ந்து விதி செய்தால் நிலைக்கும் என்றார். 2009-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் கரையில் கரைவலைக்கு முறை வைத்து இழுத்தவர்களுக்கு இது புதிதா என்ன?

இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசியும் இருக்கிறார்கள். 2004-ல் இங்கிருந்து போனார்கள். 2010-ல் அங்கிருந்து வந்தார்கள். இழுவைமடியைக் காலக்கெடு வைத்து நிறுத்துவது என்று அப்போதே பேசி முடித்தார்கள். இரண்டு அரசுகளும் அதைத் தூக்கிப் பரணில் போட்டன. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள். பேச்சு நின்றுபோனது.

மாற்று வழி என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகு. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம். மீதி 24 லட்சத்தைக் கடனாகவும் கைக்காசாகவும் மீனவர் போட வேண்டும். சாயங்காலம் போய் மறுநாள் காலை கரை திரும்பிப் பழகியவர்களை, வாரக்கணக்கில் நடுக்கடலில் சூரைக்குப் போ என்றார்கள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. படகு வைத்திருப்பவருக்காவது இப்படி ஒரு திட்டம். கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை.

எனவே நான் கேட்பது நாலே விஷயம். இழுவைமடியை நிறுத்த ஒரு தேதி குறியுங்கள். படகுகளை அரசே நியாயமான விலைக்கு வாங்கட்டும், கூலிக்காரர்களுக்குத் தனியாக நிவாரணம் கொடுக்கட்டும். அந்தத் தேதி வரை சுடக்கூடாது, மோதக்கூடாது, கூலிக்காரரைச் சிறையில் போடக்கூடாது என்று கொழும்பிடம் எழுதி வாங்குங்கள். இரண்டு கரை மீனவர்களும் பேசி முடிப்பதற்கு இரண்டு அரசும் கையெழுத்துப் போடுங்கள். நாட்டுப்படகுக்காரர் முறை வைத்து இரண்டு பக்கமும் போய்வரும் நாள் அப்புறம் தானாக வரும்.

இது தேசபக்தி இல்லை என்று ஒருவர் சொல்வார். இனத்துரோகம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரையும் ஒரு தடவை தங்கச்சிமடத்து விசைப்படகில் ராத்திரி கூலிக்கு ஏறிப் போய்வரச் சொல்லுங்கள். திரும்பி வந்து பேசட்டும்.

அந்தத் தங்கைக்கு: தேர்வில் கேட்டால் நோட்டில் இருக்கிறபடியே எழுதும்மா, மார்க் வேண்டுமே. பாஸ் பண்ணி வெளியுறவுத் துறைக்கே போ. அங்கே மேஜைக்கு வருகிற முதல் மீனவர் ஃபைலில் உன் கேள்வியை எழுதி வை. இவர் எந்தத் தியரியில் வருகிறார் என்று.